துருவத்தில் ஒரு கரும்புள்ளி

சூரியன் மிகத் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில்கூட அதன் முகத்தில் கரும்புள்ளிகள் அடைத்துக்கொள்ளும் இடம் அரை விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. அந்தப் புள்ளிகளும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 35 பாகைக்குள் அடங்கிவிடும். துருவப் பக்கம் தலைகாட்டுவதில்லை. டிராகோ விண்மீன் குழுவில், நம்மிடமிருந்து சுமார் 110 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஈகே டிராகோனிஸ் அப்படியல்ல. நிறையிலும் வெப்பத்திலும் அது சூரியனுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். வயதில்தான் வேறுபாடு: சூரியனுக்கு 457 கோடி ஆண்டு, அதற்குச் சுமார் 10 கோடி. சூரியன் தன் நடுக்கோட்டில் ஒரு சுற்றுச் சுற்ற 25 நாள் ஆகிறது; ஈகே டிராகோனிசுக்கு மூன்று நாள்கூட ஆவதில்லை. 1998இல் ஸ்ட்ராஸ்மயரும் ரைஸும் அதன் மேற்பரப்பை வரைபடமாக்கியபோது, மிகப் பெரிய கரும்புள்ளி துருவத்தை ஒட்டி இருந்தது.

இளமையில் நம் சூரியனும் இப்படித்தான் இருந்ததா? பொது வாசகருக்கான நூல்கள் பலவும் 'ஆம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. அவ்வளவு எளிதில் கடந்துபோக முடியாது என்பது என் கட்சி. இளம் விண்மீன்களின் காந்தத் துடிப்பைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் எது நம் சூரியனின் கதை என்பது தனிக் கேள்வி.

கரும்புள்ளி என்பது காந்தப்புலத்தின் வேலை என்று நிறுவியவர் ஜார்ஜ் எல்லரி ஹேல். 1908இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில், புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் பிளவுபட்டிருப்பதைக் கண்டு, காந்தப்புலம் கோடுகளைப் பிளக்கும் சீமன் விளைவுதான் காரணம் என்றார். அங்கே புலத்தின் வலிமை சுமார் 3000 காஸ். அவ்வளவு வலிய புலம், உள்ளிருந்து வெப்பத்தை மேலே கொண்டுவரும் பிளாஸ்மாவின் சுழற்சியைத் தடுத்துவிடுகிறது. அந்த இடம் குளிர்ந்துபோகிறது. குளிர்வது என்றால் சூரியக் கணக்கில்தான்: சுற்றிலும் ஏறத்தாழ 5800 கெல்வின், புள்ளியின் நடுவில் 4000. மறு ஆண்டு, 1909 ஜனவரியில், கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் புள்ளியின் ஓரத்தில் வாயு ஆரவாக்கில் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளி இயற்பியலில் இன்றும் அது எவர்ஷெட் விளைவுதான்.

விண்மீன்களுக்கு இந்தக் கதையை நீட்டித்த வழியிலும் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957இல் வெளியிட்ட கட்டுரை, கால்சியத்தின் கே கோட்டின் நடுவில் தெரியும் ஒளிர்வின் அகலத்துக்கும் விண்மீனின் உண்மையான ஒளிர்திறனுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பாப்பு பிறகு கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்து, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கினார். வில்சன் அதே கால்சியக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் போனார். கோட்டின் அகலம் ஒளிர்திறனைச் சொல்கிறது. ஒளிர்வின் வலிமையோ மேற்பரப்புக்கு மேலுள்ள நிறமண்டலம் காந்தத்தால் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அப்படியானால் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியைப் போல மற்ற விண்மீன்களுக்கும் சுழற்சி உண்டா என்று பார்த்துவிடலாமே. 1966இல் மவுண்ட் வில்சனில் அவர் தொடங்கிய இந்தக் கண்காணிப்பு, அவருக்குப் பின்னும் 2003 வரை நடந்தது. வானியலில் பொறுமைக்கு ஒரு பரிசு வைத்தால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். சாலி பாலியூனாசும் குழுவினரும் 1995இல் 111 விண்மீன்களின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். சூரியனின் வயதை ஒத்தவற்றில் பலவும் ஒழுங்காக ஏறி இறங்கின. சில ஏற்ற இறக்கமே இல்லாமல் கிடந்தன. இளையவை எப்போதும் உச்சத்தில் இருந்தன, தாறுமாறாகத் துள்ளின. அவற்றில் சீரான சுழற்சி கொண்டவை அரிது.

ஏன் இளையவை இப்படி? விடை சுழற்சி வேகத்தில் இருக்கிறது. 1972இல் ஆண்ட்ரூ ஸ்குமானிச் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். கார்த்திகைக் கூட்டம், சப்தரிஷி மண்டலத்து விண்மீன்களின் கூட்டம், ரோகிணியின் பின்னணியில் தெரியும் ஹையாடிஸ் கூட்டம், கடைசியாகச் சூரியன். இவ்வளவுதான் அவருடைய தரவு. சுழற்சி வேகமும் கால்சிய ஒளிர்வும் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகின்றன என்றார். நான்கு மடங்கு வயதானால் வேகம் பாதி. அரை நூற்றாண்டு கழித்தும், திருத்தங்களோடு, இந்த விதி நிற்கிறது. இதைத் தலைகீழாகத் திருப்பி, சுழற்சிக் காலத்தை அளந்து விண்மீனின் வயதைச் சொல்லும் முறையை சிட்னி பார்ன்ஸ் 2003 முதல் வளர்த்தெடுத்தார்.

வேகம் குறையக் காரணமும் காந்தமே. விண்மீனிலிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்று காந்தக் கோடுகளில் மாட்டிக்கொண்டு, வெகுதூரம்வரை விண்மீனோடு சேர்ந்தே சுழல்கிறது. கடைசியில் அறுத்துக்கொண்டு போகும்போது, கிளம்பிய இடத்துக்குரியதைவிடப் பன்மடங்கு கோண உந்தத்தை எடுத்துப்போகிறது. இழக்கும் பொருள் சொற்பம், இழக்கும் சுழற்சி அதிகம். வேகமாகச் சுழன்றால் காந்தம் வலுக்கும். காந்தம் வலுத்தால் தடை கூடும். தடை கூடினால் வேகம் குறையும். ஆகவே வேகமாகப் பிறந்ததும் மெதுவாகப் பிறந்ததும் நூறு கோடி ஆண்டுக்குள் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. தாம் எப்படித் தொடங்கினோம் என்ற தடயத்தை அழித்துவிடுகின்றன. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேகம் கூடக் கூடத் துடிப்பும் கூடிக்கொண்டே போகுமா என்றால் அதுவும் இல்லை. எக்ஸ் கதிர் ஒளிர்வு, விண்மீனின் மொத்த ஒளிர்வில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டியதும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஏறுவதில்லை. சூரியனில் இந்தப் பங்கு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான். உச்சவரம்பு ஏன் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. காந்தப்புலத்தை உண்டாக்கும் டைனமோவே களைத்துவிடுகிறது என்பார் உண்டு. மேற்பரப்பில் இடமில்லாமல் போகிறது என்பாரும் உண்டு.

இனி புள்ளிகளைப் பார்ப்பது. நம் தொலைநோக்கிகளுக்கு இந்த விண்மீன்கள் வெறும் ஒளிப்புள்ளிகள். ஈகே டிராகோனிசின் வட்டத்தை நாம் காணும் கோணம் ஒரு மில்லி வில்விநாடியில் கால் பங்கு. வட்டத்தையே காண முடியாதபோது அதன்மேல் இருக்கும் கறையைக் காண்பது எப்படி?

எளிய வழி ஒளியளவீடு. கறையுள்ள பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது விண்மீன் சற்று மங்கும், விலகும்போது ஒளிரும். கப்பா-1 செட்டி என்ற, சுமார் 30 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் இளம் விண்மீனைக் கனடாவின் மோஸ்ட் செயற்கைக்கோள் 2003இல் கவனித்தபோது, இரண்டு புள்ளிகள் இரண்டு வெவ்வேறு காலங்களில் சுற்றிவருவது தெரிந்தது: ஒன்று சுமார் 8.9 நாள், மற்றது சுமார் 9.3 நாள். சூரியனைப் போலவே அதுவும் அகலாங்குக்கு அகலாங்கு வேறு வேகத்தில் சுழல்கிறது. அழகான முடிவு. ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய குருட்டுப் பகுதி உண்டு. ஒளி ஏறி இறங்குவது கறைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால்தான் தெரியும். எல்லாப் பக்கமும் பரவலாக இருந்தால் விண்மீன் எப்போதும் ஒரே அளவு மங்கலாக இருக்கும், யாருக்கும் தெரியாது. துருவத்தின்மேல் ஒரு பெருங்கறை வட்டமாக உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

அங்கேதான் டாப்ளர் வரைபடம் வருகிறது. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப்போகிறது. அதனால் ஒவ்வொரு நிறமாலைக் கோடும் அகன்றுவிடும். கோட்டின் நீலப் பக்கம் வரும் விளிம்பிலிருந்து, சிவப்புப் பக்கம் போகும் விளிம்பிலிருந்து. நடுவில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அந்த இடத்தின் ஒளி குறைந்துபோகும். கோட்டின் அடித்தளத்தில் அதற்குரிய இடத்தில் சின்ன மேடு தோன்றும். விண்மீன் சுழலச் சுழல அந்த மேடு நீல ஓரத்தில் முளைத்து, கோட்டைக் கடந்து, சிவப்பு ஓரத்தில் மறையும். நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள புள்ளியின் மேடு முழு அகலத்தையும் கடக்கும். உயரமான அகலாங்கில் உள்ளது நடுவிலேயே சிறிது தூரம் போய்த் திரும்பும். துருவத்தில் உள்ளது நகரவே நகராது; கோட்டின் கூர்மையான அடியைத் தட்டையாக்கிவிட்டு அங்கேயே இருக்கும். இரவிரவாக எடுத்த நூற்றுக்கணக்கான கோட்டு வடிவங்களைக் கணினியில் கொடுத்து, இவற்றை உண்டாக்கக்கூடிய மேற்பரப்பு எது என்று கேட்க வேண்டும். நிழல்களைப் பார்த்து ஆளை வரைகிற வேலை. ஒரே நிழலுக்குப் பல ஆள் பொருந்துவார்கள் என்பதால், எளிமையான படத்தையே தேர்ந்தெடு என்று கணினிக்குக் கட்டளையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

1983இல் வோக்டும் பென்ராடும் எச்ஆர் 1099 என்ற இரட்டை விண்மீனுக்கு இப்படி வரைபடம் தந்தபோது துருவக் கறை மேடையேறியது. பிறகு தெற்கு வானத்தின் ஏபி டொராடஸ்: 49 ஒளியாண்டுத் தொலைவு, சூரியனைவிடச் சற்றுச் சிறியது, பன்னிரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. அதிலும் துருவக் கறை. எங்கே பார்த்தாலும் துருவக் கறையாகவே வந்ததும் சிலருக்கு ஐயம் எழுந்தது, நியாயமாகவே. கோட்டின் அடி தட்டையாவதற்குக் கறைதான் வேண்டுமா? நிறமண்டலத்தின் ஒளிர்வு கோட்டின் அடியை நிரப்பினாலும் அதே வடிவம் வருமே. கோட்பாட்டாளர்கள் கறையின் பக்கம் நின்றார்கள். வேகமாகச் சுழலும் விண்மீனின் உள்ளிருந்து மிதந்து மேலேறும் காந்தக் குழாய்களை கொரியாலிஸ் விசை துருவத்தை நோக்கித் தள்ளிவிடும் என்று ஷூஸ்லரும் சோலங்கியும் 1992இல் காட்டினார்கள்.

என் பார்வையில் வழக்கைத் தீர்த்துவைத்தது 2013இல் வந்த வேறொரு சாட்சி. கெப்ளர்-63 சூரியனை ஒத்த நிறையுள்ள, சுமார் 20 கோடி ஆண்டு வயதான விண்மீன். அதன் கோள் ஒன்று 9.43 நாளுக்கு ஒருமுறை அதன் முகத்தைக் குறுக்கே கடக்கிறது. அந்தக் கோளின் பாதை நடுக்கோட்டையொட்டி இல்லை; ஏறத்தாழ துருவங்களின் மேலாகப் போகிறது. கோள் ஒரு கரும்புள்ளிமேல் வரும்போது, ஏற்கெனவே இருண்ட இடத்தைத்தானே மறைக்கிறது! அந்தக் கணம் ஒளி சற்று உயர்ந்து தெரியும். ஒவ்வொரு கடப்பிலும் துருவ அகலாங்குகளுக்குரிய அதே இடத்தில் அந்த உயர்வு வந்துகொண்டிருந்தது. சான்சிஸ்-ஒஹேடாவின் குழு, பெரிய, நீடித்த துருவக் கறை இருப்பதாக முடிவுகட்டியது. நிறமாலைக் கோட்டின் வடிவத்தை இது நம்பவே இல்லை. கோளின் நிழல்தான் சாட்சி.

துருவக் கறை உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், மேற்பரப்பில் எத்தனை பங்கு கறை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. ஒளியளவீடு சொல்வது எப்போதும் கீழ்வரம்பு. டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறு குளிர்ந்த இடத்தில் மட்டுமே தங்கும் என்பதால், அதன் நிறமாலைப் பட்டைகளை அளந்து மொத்தக் கறையையும் மதிப்பிடலாம். அப்படி மதிப்பிட்டால் எண் எகிறிவிடுகிறது. எல்கேசிஏ 4 என்ற, பிறந்து சில பத்து லட்சம் ஆண்டே ஆன விண்மீனின் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு குளிர்ந்த பகுதி என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நிலையில் எது கறை, எது மேற்பரப்பு என்ற பாகுபாடே தடுமாறுகிறது. (அது சூரியனைவிட நிறை குறைந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.)

காந்தப்புலத்தை நேரடியாக வரைபடமாக்கும் சீமன்-டாப்ளர் முறைக்கும் குறை உண்டு. அருகருகே உள்ள வட, தென் முனைகளின் குறிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 2020இல் ஓலெக் கோச்சுகோவின் குழு 15 இளஞ்சூரியன்களின் நிறமாலையில் புலத்தின் மொத்த வலிமையை வேறு வழியில் அளந்தது. 12 கோடி ஆண்டுக்குட்பட்டவற்றில் சராசரி 1300 முதல் 2000 காஸ். அதற்கு மூத்தவற்றில் 200 முதல் 800. வரைபடங்கள் காட்டிவந்தது, மிகத் துடிப்பானவற்றில்கூட, மொத்தக் காந்த ஆற்றலில் ஒரு விழுக்காடு அளவையே. ஆகவே ஆய்விதழ்களில் வரும் வண்ண வண்ணமான காந்த வரைபடங்களை நான் பெரும்போக்கைக் காட்டும் படங்களாக மட்டுமே பார்க்கிறேன். துருவத்தில் இருப்பது ஒரே மாபெரும் கறையா, நூற்றுக்கணக்கான சிறு கறைகளின் கூட்டமா என்பதை எந்த முறையும் இன்னும் பிரித்துச் சொல்லவில்லை.

முறைகளின் சண்டைக்கு நடுவே ஒரு முடிவு மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்வது. சூரியன், புள்ளிகள் மிகுந்த ஆண்டில் சற்று அதிகமாக ஒளிர்கிறது, ஏறத்தாழ 0.1 விழுக்காடு. புள்ளிகளைச் சுற்றியுள்ள ஒளித்திட்டுகள், புள்ளிகள் குறைத்த ஒளியைவிடக் கூடுதலாகத் தந்துவிடுவதே காரணம். இளம் விண்மீன்களில் இது நேர்மாறு: துடிப்பு கூடினால் மங்கும். ராடிக், லாக்வுட் போன்றோர் ஆண்டுக்கணக்கில் தொகுத்த ஒளியளவீடுகளிலிருந்து இது தெளிவானது. வளரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் சூரியனின் கணக்கு கறையிலிருந்து ஒளித்திட்டுக்கு மாறியிருக்கிறது.

வெடிப்புகளுக்கு வருவோம். 2012இல் ஹிரோயுகி மாயெஹாராவும் குழுவினரும் கெப்ளர் விண்கலம் 120 நாளில் 83,000 சூரிய வகை விண்மீன்களிலிருந்து திரட்டிய தரவில், 148 விண்மீன்களில் 365 பெருஞ்சுடர்வீச்சுகளைக் கண்டார்கள். சூரியனில் பதிவான மிகப் பெரியவற்றைப் போல் பத்து மடங்கு முதல் பத்தாயிரம் மடங்குவரை. வேகமாகச் சுழல்பவையே அடிக்கடி வெடித்தன. 2020 ஏப்ரல் 5 அன்று ஈகே டிராகோனிசில் அப்படி ஒன்று நிகழ்ந்தபோது, டெஸ் விண்கலமும் ஜப்பானின் செய்மெய் தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுடருக்குப் பின் ஹைட்ரஜன் கோட்டில் நீலம் நோக்கி நகர்ந்த ஓர் இருட்டு தெரிந்தது: விநாடிக்கு 510 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிய பிளாஸ்மாத் திரள். அதன் நிறை சுமார் ஒரு லட்சம் கோடி டன், சூரியனின் மிகப் பெரிய உமிழ்வுகளைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் அந்த வேகம் விண்மீனின் ஈர்ப்பை உதறிச் செல்லப் போதாது. ஒரு பகுதி திரும்பி விழுந்திருக்கலாம். வலுத்த காந்தப்புலம் மேலே கூரை போட்டு உமிழ்வை அடக்கிவிடும் என்ற கருத்துக்கும் இப்போது ஆதரவு கூடிவருகிறது. இளம் விண்மீனின் காற்று பலமாக வீசும் என்ற எதிர்பார்ப்பும் ஆட்டம் கண்டது. சூரியனின் இளம் மாதிரியான பை-1 உர்சா மேஜோரிசின் காற்று, இன்றைய சூரியக் காற்றின் பாதி அளவே பொருளை எடுத்துப்போகிறது என்று பிரையன் வுட் குழுவினர் 2014இல் கணக்கிட்டார்கள்.

நம் சூரியனே இன்று இப்படி வெடிக்குமா? 2024 டிசம்பரில் வந்த ஆய்வு, 56,450 சூரிய ஒப்பு விண்மீன்களில் 2889 பெருஞ்சுடர்களைக் கண்டு, நூறாண்டுக்கு ஒருமுறை என்றது. முந்தைய மதிப்பீடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு ஒருமுறை என்றன. புதிய பட்டியலில் பலவற்றின் சுழற்சிக் காலம் அளக்கப்படவில்லை. வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் துறையில், வேகம் தெரியாத விண்மீனைச் சூரியனுக்கு இணை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கோள் தேடுவோருக்கு இந்தக் கறைகள் பெரும் தலைவலி. எச்டி 166435 என்ற துடிப்பான விண்மீன் 3.8 நாளுக்கு ஒருமுறை சீராக முன்னும் பின்னும் ஆடியது, வியாழன் போன்ற கோள் ஒன்று இழுப்பதைப் போலவே. 51 பெகாசியின் கோளைக் கண்டுபிடித்த டிடியே கெலோவின் குழுவே 2001இல் அதைக் கோள் இல்லை என்று அறிவித்தது. ஒளியும் அதே 3.8 நாளில் ஏறி இறங்கியது; கோடுகளின் வடிவமும் ஆட்டத்தோடு சேர்ந்து கோணிப்போனது. கோள் இழுத்தால் கோடு நகரும், கோணாது. கறைதான் கோள் வேடம் போட்டது. வி830 டௌரி என்ற விண்மீனில் 2016இல் அறிவிக்கப்பட்ட கோளை, 2020இல் வேறு குழு தேடியபோது காணோம்.

மீண்டும் நம் சூரியன். பிறந்த புதிதில் அதன் ஒளி இன்றைய அளவில் 70 விழுக்காடே, எக்ஸ் கதிரோ நூற்றுக்கணக்கான மடங்கு இருந்திருக்கும் என்று ஈகே டிராகோனிஸ் போன்றவற்றை வைத்துச் சொல்கிறோம். செவ்வாய் தன் வளிமண்டலத்தை இழந்ததையும், பூமியின் தொடக்க வேதியியலையும் அந்தக் கணக்கின்மேல்தான் கட்டுகிறோம். ஆனால் ஒரே கூட்டத்தில் பிறந்த, ஒரே நிறையுள்ள விண்மீன்களிலும் சில வேகமாகவும் சில மெதுவாகவும் சுழல்கின்றன. அவற்றின் எக்ஸ் கதிர் வரலாறு வேறு வேறு. சூரியனின் இன்றைய 25 நாளைப் பார்த்து அது எந்த வகையாக இருந்தது என்று சொல்ல வழியில்லை. தடயம் அழிந்துவிட்டது, குறைந்தபட்சம் சூரியனில்.

2019இல் நாசாவின் பிரபல் சக்சேனாவும் குழுவினரும் அந்தத் தடயத்தை நிலவில் தேடினார்கள். பூமியோடு ஒப்பிட்டால் நிலவின் மண்ணில் சோடியமும் பொட்டாசியமும் குறைவு. இளஞ்சூரியனின் உமிழ்வுகள் அவற்றைத் தட்டிப் பறித்தன என்று வைத்துக்கொண்டால், எந்த வேகத்தில் சுழன்ற சூரியன் இன்றிருக்கும் அளவை மிச்சம் வைத்திருக்கும்? அவர்களுடைய கணக்கில், மெதுவான வகைச் சூரியனே பொருந்துகிறது: முதல் நூறு கோடி ஆண்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 9, 10 நாள். கணக்கின் உள்ளே, உமிழ்வுகள் எத்தனை, எவ்வளவு பலமானவை என்ற ஊகம் இருக்கிறது. அந்த ஊகம்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதையும் மீறி முடிவு நின்றால், மூன்று நாளுக்குள் சுழன்று துருவத்தில் கறை சுமக்கும் ஈகே டிராகோனிஸ் நம் சூரியனின் இளமைப் படமாக இருக்காது. அதே குடும்பத்தின் துடுக்கான வேறொரு பிள்ளையாகத்தான் இருக்கும்.